மப்ளர் கட்டிய பேனா

பேனாவைக் கீழுதட்டின் மேல் வைத்து ஒரு சுற்று உருட்டுகிறார், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு தலைகீழாகத் திருப்பி மறுமுனையையும் உருட்டுகிறார். மரமும் உலோகமும் சேரும் இடத்தில் பிசிறு இருந்தாலோ, மயிரிழை விரிசல் இருந்தாலோ உதடு காட்டிக் கொடுத்துவிடுமாம். ஒன்றும் இல்லையென்றால், "ம், பொறந்தாச்சு" என்று சொல்லிப் பேனாவைத் துண்டின் மேல் படுக்க வைக்கிறார்.

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் முத்த மாமா. கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்து, பேனா உதட்டுக்குப் போகும் நேரமாகப் பார்த்து "இச்" என்று சத்தம் எழுப்பிவிட்டு ஓடுவார்கள். மனைவியும் விடுவதில்லை. "என்னை விட பேனாவுக்குத்தான் முத்தம் ஜாஸ்தி" என்று பின்பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். இவர் எதற்கும் கோபித்துக்கொள்வதில்லை. அடுத்த பேனாவை எடுத்துக்கொள்வார்.

நான் குடியிருப்பது இரண்டாம் மாடியில். தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டி இவர்கள் கடை. நீளமான ஒற்றை அறை, நடுவே பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் லேத் ஓடுகிறது. அங்கே மரத்தைக் கடைவது மனைவி. இந்தப் பக்கம் ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன் மேல் இழுக்கும் கைப்பிடி வைத்த சின்ன பிரஸ். இங்கே பாகங்களைப் பூட்டுவது இவர். கடைசல்காரம்மா வெளியே வரும்போது புருவத்திலும் காதோர முடியிலும் மரத்தூள் படிந்திருக்கும். நடையில் வேகம், பேச்சில் வேகம், சாப்பிடுவதில் அதைவிட வேகம். இவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. குடையை விரிப்பதற்குள் மழை நின்றுவிடும். இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறார்கள் என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு.

முதன்முதலில் நான் அந்தக் கடைக்குள் போனது ஒரு குற்றவாளியாக. யாரோ அன்பளிப்பாகத் தந்த மரப்பேனாவில் ரீஃபில் தீர்ந்துவிட்டது. திருகிக் கழற்ற வேண்டியதை இடுக்கியால் பிடித்து இழுத்துவிட்டேன். முனை கையோடு வந்தது, கூடவே மரத்தில் ஒரு சில்லும் வந்தது. இவர் அதை வாங்கிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கீழே விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருந்தது. திட்டவில்லை. "பாவம், ரொம்ப வலிச்சிருக்கும்" என்றார். எனக்கா, பேனாவுக்கா என்று கேட்க வாய் வரவில்லை. அன்று பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தவன்தான். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கப் பொறுமை இல்லாத நான், இவர் ஒரு பேனாவைப் பூட்டி முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டேன்.

மரப்பேனா என்பது உள்ளே பித்தளைக் குழல் ஒட்டிய இரண்டு மரத்துண்டுகள்தான். கடைந்து கடைந்து, குழலைச் சுற்றி ஒரு தோல் கனத்துக்குத்தான் மரம் மிஞ்சும். எழுதும் முனை, ரீஃபிலை வெளியே தள்ளும் திருகு, கிளிப், தொப்பி எல்லாவற்றையும் அந்தக் குழலுக்குள் அழுத்தி இறக்க வேண்டும். ஆணி கிடையாது, பசை கிடையாது, வெறும் இறுக்கம்தான் பிடித்துக்கொள்கிறது. கோணலாக இறங்கினால் மரம் வாயைப் பிளக்கும். திருகு ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கிவிட்டால் அப்புறம் ரீஃபில் முனை உள்ளே போகாது, சட்டைப் பையெல்லாம் மைதான். இறங்கியதை வெளியே எடுப்பதற்குப் பதில், போன பஸ்ஸைக் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

அதனால் இவர் தொடங்குவதற்கே நேரம் எடுத்துக்கொள்வார். மோதிரத்தைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போடுவார், பளபளப்பான பாகத்தில் கீறல் விழக்கூடாதே. பிரஸ்ஸின் இரண்டு தாடைகளிலும் பழைய ஷூவிலிருந்து வெட்டிய தோலை ஒட்டி வைத்திருக்கிறார். வெள்ளைத் துண்டை விரித்துப் பாகங்களை வரிசையாகப் படுக்க வைப்பார். உப்புத்தாளைக் குச்சிபோல் சுருட்டிக் குழலுக்குள் விட்டுத் தேய்ப்பார். ஒற்றைக் கண்ணால் குழல் வழியாக ஜன்னலைப் பார்ப்பார். மறுபடி தேய்ப்பார். "உள்ள ஒரு பொட்டு பசை இருந்தாப் போதும், சாமான் கோணிக்கும்" என்பார்.

பிறகு பிரஸ். வலது கை பிடியை இழுக்கும்போது இடது கையின் ஆள்காட்டி விரல் மரத்தின் வாய் மேல் இருக்கும். மரம் தாங்க முடியாமல் விம்மினால் அந்த விரலுக்குத் தெரியும் என்றும், அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும் என்றும் எனக்குச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் இழுப்பார், நிறுத்துவார், குழலைச் சற்றே திருப்புவார், மறுபடி இழுப்பார். "தள்ளக்கூடாது. போகச் சொல்லணும். அதுவே போகும்." திருகை இறக்கும்போது இன்னும் மோசம். ஒவ்வொரு இழுப்புக்கும் ரீஃபிலைப் போட்டு, முனை எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்ப்பார். எனக்கு உட்கார்ந்த இடத்தில் கால் மரத்துப்போகும்.

இவருக்கு உலகத்தில் ஒரே ஒரு குறைதான். மனைவி இப்போதெல்லாம் மரத்தின் விளிம்பைத் தடிப்பாக விட்டுவிடுகிறார். உலோகமும் மரமும் ஒரே வழவழப்பாகச் சேர வேண்டிய இடத்தில் மரம் லேசாகப் புடைத்து ஒரு வளையம்போல் நிற்கிறது. "பாருங்க, பேனாவுக்கு மப்ளர் கட்டின மாதிரி. சளி பிடிச்சிருக்கா இதுக்கு?" என்று என்னிடம் காட்டிக் குறைப்பட்டுக்கொள்வார். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "வாங்குறவங்க அதைத்தான் கேட்டு வாங்குறாங்க, நீங்க பேசாம பூட்டுங்க" என்று பதில் வரும். அதுவும் உண்மைதான். அந்த வளையத்தில் விரல் சுகமாகத் தங்குகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு பேனாவுக்கும் ஒருமுறை பெருமூச்சு விடுவார்.

ஒருநாள் மதியம் எதிரே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துண்டில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இவருடைய ஆள்காட்டி விரலில் ஒரு மரச்சிலாம்பு ஏறி நின்றது. "விரலைப் பாருங்க" என்றேன். யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். சட்டென்று துண்டின் நுனியில் சுற்றிக்கொண்டு தடுப்பின் பக்கம் திரும்பினார். லேத் ஓடிக்கொண்டிருந்தது.

சர்க்கரை, என்றார் மெல்ல. விரல் நுனிகளில் உணர்ச்சி போய் வெகுநாளாகிறது. நரம்பு செத்தது செத்ததுதான், இனி பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி வைத்திருக்கிறார். "கையுறை போட்டுக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு. கழட்டவே முடியாத கையுறை." அப்போதுதான் எனக்கு அந்த முத்தம் புரிந்தது. விரல் பார்த்துவந்த வேலையை உதட்டுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். பிரஸ்ஸை இழுக்கும்போது விரலை வைப்பதெல்லாம் வெறும் பழக்கம். உண்மையில் மரத்தின் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இழுக்கிறார், அவ்வளவுதான்.

"இதுவரைக்கும் ஒண்ணுகூட உடையல. என் அதிர்ஷ்டம்" என்றார்.

மனைவியிடம் சொன்னால்தான் என்ன என்று கேட்டேன். பழைய கதையைச் சொன்னார். இந்தக் கடைக்கு முன்னால் இவர் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலையில் இருந்தவர். கிடங்கை மூடிவிட்டார்கள். அதன்பின் நெடுநாள் வீட்டில் சும்மா இருந்திருக்கிறார். மனைவி கடைசல் வேலையில் குடும்பத்தை ஓட்டியிருக்கிறார், ஒரு சொல் குத்திக் காட்டாமல். "அப்ப நான் வீட்ல நாற்காலி மாதிரி இருந்தேன். பெருக்கும்போது நகத்தி வைப்பாங்க, அப்புறம் பழைய இடத்துல வைப்பாங்க." பிறகு ஒருநாள் அந்த அம்மா இந்த பிரஸ்ஸை வாங்கி வந்து மேஜையில் வைத்து, தனக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது, பூட்டிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றாராம்.

"இது தெரிஞ்சா பிரஸ்ஸைத் தூக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வச்சுக்குவா. என் நல்லதுக்குத்தான் செய்வா. ஆனா நான் மறுபடியும் நாற்காலிதான்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு ரகசியம் என்றால் செரிக்காத சாப்பாடு மாதிரி. அந்த அம்மா படிக்கட்டில் எதிரே வந்தாலே நான் பையில் சாவி தேட ஆரம்பித்துவிடுவேன்.

இந்த நேரம் பார்த்து உளி விழுந்தது. கடைசல்காரம்மா தொழில் தொடங்கிய நாளிலிருந்து கையில் பிடித்த பெரிய உளி அது. சிமென்ட் தரையில் மோதியதில் கைப்பிடி நீளவாக்கில் பிளந்துவிட்டது. உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வந்திருந்த மரம். தூக்கிப் போட அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. உடையாமல் மிஞ்சிய பாதியில் தனக்கென்று ஒரு பேனா கடைந்துகொள்வதாகச் சொன்னார். ஊருக்கெல்லாம் கடைந்தவர், ஆர்டர்களை ஒரு பிளாஸ்டிக் பேனாவால் குறித்துக்கொண்டிருந்தவர்தான் அந்த அம்மா. எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. மேஜைப் பக்கம் திரும்பினேன். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

காரணம் மறுநாள் துண்டின் மேல் கிடந்தது. பாதி மரத்தில் தடிப்பு விட இடம் ஏது? இரண்டு துண்டுகளும் முட்டை ஓடுபோல் விளிம்பு மெலிந்து, மப்ளர் இல்லாமல், இவர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே வழவழப்போடு வந்திருந்தன. உடைந்தால் மாற்றுக்கு மரம் கிடையாது. இவர் அவற்றைத் தொடவே இல்லை. மற்ற ஆர்டர்களையெல்லாம் பூட்டினார். அந்த அம்மா கேட்டபோது கிளிப் சரியில்லை என்றார். நல்ல கிளிப் எடுத்துக் கொடுத்ததும் திருகு புதிதாக வரட்டும் என்றார். திருகும் வந்தது. அன்று வெயில் மங்கலாக இருக்கிறது, குழலுக்குள் பார்க்க முடியவில்லை என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் நான் இருக்கும்போதே லேத் நின்றது. கடைசல்காரம்மா தடுப்பைத் தாண்டி வந்து மேஜைக்கு எதிரே நின்றார். கோபமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். மாமா என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"என் பேனாவை எப்பங்க பூட்டப் போறீங்க?"

இவர் மோதிரத்தைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இது என்னால ஆகாதும்மா. நீயே அழுத்திடு."

"ஏன்?"

"விரல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. ரொம்ப நாளாச்சு. உன்கிட்ட சொல்லல."

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். அந்த அம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். புருவத்தில் இருந்த தூள் அப்படியேதான் இருந்தது.

"தெரியும்" என்றார்.

இவர் நிமிர்ந்தார். அந்த அம்மா சொன்னது இதுதான். முன்பெல்லாம் குழல் ஒட்டும்போது கையில் ஒரு பொட்டுப் பசை பட்டாலும் உரித்து எடுக்காமல் இவர் சாப்பிட உட்காரமாட்டார். ஒருநாள் கட்டை விரலில் பசை காய்ந்து செதிலாக ஒட்டியிருந்ததைக் காலையில் பார்த்திருக்கிறார். சாயங்காலமும் இருந்தது. மறுநாளும் இருந்தது. தூங்கும்போது அந்த அம்மாவே அதை உரித்து எடுத்திருக்கிறார், மாமாவுக்கு முழிப்புக்கூட வரவில்லை.

"அதுக்கப்புறம்தான் ஓரத்தைத் தடிப்பா விட ஆரம்பிச்சேன். கொஞ்சம் கூடுதலா அழுத்தினாலும் தாங்கட்டும்னு."

மாமாவுக்குப் புரிய நேரம் எடுத்தது. எதிலும் அவசரப்படாதவர், இதிலும் அப்படித்தான். கண்ணாடி ஷெல்ஃபில் வரிசையாக நின்ற பேனாக்களை ஒருமுறை பார்த்தார்.

"மப்ளரா?"

"மப்ளர்தான்."

இவர் இத்தனை நாளாக அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தது தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கடைந்துகொண்டிருந்திருக்கிறது. வாங்குபவர்கள் கேட்கிறார்கள் என்ற பொய்யையும் அது சேர்த்தே சொல்லியிருக்கிறது. பிறகுதான் வாங்குபவர்கள் நிஜமாகவே கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

"சொல்லியிருக்கலாமே" என்றார் இவர்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

பிறகு இவர் அந்த இரண்டு மெல்லிய துண்டுகளையும் எடுத்து மனைவியின் பக்கம் நகர்த்தினார். பிரஸ்ஸையும் நகர்த்தப் போனார். அந்த அம்மா அதன் மேல் கையை வைத்துத் தடுத்தார்.

"நான் இழுத்தா ஒரே இழுப்புல தூளாயிடும். எனக்கு அந்தப் பொறுமை எந்தக் காலத்துல இருந்துச்சு? பிடி உங்க கையிலயே இருக்கட்டும். விரலை நான் வச்சுக்கிறேன். தூக்கினா நிறுத்திடுங்க."

என்னை எழுப்பிவிட்டு என் முக்காலியை எடுத்து பிரஸ்ஸுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். இவர் மோதிரத்தைக் கழற்றினார். துண்டை நீவி விட்டார். உப்புத்தாளைச் சுருட்டிக் குழலைத் தேய்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். எப்போதும் இந்த இடத்தில் எரிந்து விழும் அந்த அம்மா அன்று வாயைத் திறக்கவில்லை.

இவர் முனையைக் குழலின் வாயில் பொருத்தித் தோல் ஒட்டிய தாடைகளுக்கு நடுவே வைத்தார். வழக்கம்போல் இடது கை ஆள்காட்டி விரல் மரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அங்கே ஏற்கெனவே இன்னொரு விரல் இருந்தது. இவர் தன் விரலை எடுத்துக்கொண்டார்.

இழுத்தார். அந்த அம்மாவின் விரல் அசையவில்லை. நிறுத்தினார், குழலைச் சற்றே திருப்பினார், இழுத்தார். விரல் மேலே எழுந்தது. இவர் கை அப்படியே நின்றது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மரம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்பதுபோல் இருந்தது. விரல் மறுபடி இறங்கியது. இவர் இழுத்தார். அந்த அம்மா இவ்வளவு மெதுவாக ஒரு காரியம் செய்து நான் பார்த்ததே இல்லை. நெற்றியில் வேர்வை பொடித்து மரத்தூளோடு கலந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

முனை உட்கார்ந்தது. திருகை இறக்கும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் ரீஃபிலைப் போட்டுப் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம்" என்றார் இவர். "இன்னும் கொஞ்சமா, பாத்துங்க" என்றார் அந்த அம்மா. கிளிப்பும் தொப்பியும் இறங்கின. இரண்டு பாதிகளையும் சேர்த்தபோது மரத்தின் ரேகை கீழிருந்து மேல்வரை விட்டுப்போகாமல் ஓடியது. வெளியே பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றிருந்தார்கள்.

இவர் பேனாவைத் துண்டில் துடைத்தார். கண்ணை மூடி உதட்டுக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றது. கண்ணைத் திறந்தார். பிறகு மேஜைக்கு மேலாகக் குனிந்து, மரத்தூள் ஒட்டியிருந்த மனைவியின் கீழுதட்டில் பேனாவை வைத்து, மெல்ல ஒரு சுற்று உருட்டினார்.